ஒன்பதாம் மாதத்து ஊசி

குழந்தைக்கு ஒன்பது மாதம் நிறைந்ததும் வலது கையின் மேற்புறத்தில், தோலுக்குச் சற்று அடியில், அரை மில்லி மருந்து செலுத்துகிறார்கள். கடலூர் மாவட்டத்துக் குள்ளஞ்சாவடிப் பக்கத்தில் புதன்கிழமை காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போகும் தாய்மார்கள் இதை "ஒம்பதாம் மாச ஊசி" என்பார்கள். தாய் சேய் நல அட்டையில் எம்.ஆர். என்று இருக்கும், தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்து ஒரே ஊசி. பிறந்ததும் போடும் பி.சி.ஜி. தோளில் தழும்பை விட்டுச் செல்கிறது. போலியோ சொட்டு மருந்துக்கு ஊர் ஊராக ஒலிபெருக்கி வந்தது. இந்த ஊசிக்கு அப்படி எந்த அடையாளமும் இல்லை. ஆனால் 1974 முதல் 2024 வரையிலான 50 ஆண்டுகளில் தடுப்பூசிகள் காப்பாற்றிய உயிர்கள் 15 கோடியே 40 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் ஏறத்தாழ 9 கோடியே 40 லட்சம் உயிர்கள் தட்டம்மைத் தடுப்பூசி ஒன்றால் மட்டும் காப்பாற்றப்பட்டவை. மற்ற தடுப்பூசிகள் எல்லாம் சேர்ந்தும் இதற்கு ஈடாகவில்லை.

மணல்வாரி என்று நம் பாட்டிமார் சொன்ன நோய் இதுதான். முதலில் மூன்று நான்கு நாள் கடும் காய்ச்சல், மூக்கொழுகல், வறட்டு இருமல், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் சிவந்துபோகும் கண்கள். அந்த நாட்களில் கன்னத்தின் உட்புறத்தைப் பார்த்தால் சின்னஞ்சிறு வெண்புள்ளிகள் தெரியும். பிறகு காதுக்குப் பின்னாலும் நெற்றியிலும் செம்பொரிப்பு தோன்றி முகம், மார்பு, கால் என்று இறங்கும். பொரிப்பைக் கண்டதும் "அம்மை போட்டிருக்கு" என்று சொல்லி வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அந்த வீட்டுக்கு யாரும் போக மாட்டார்கள். அங்கிருந்தும் யாரும் வர மாட்டார்கள். நோயாளியைத் தனியே வைக்கும் இந்த வழக்கத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. மருந்தே இல்லாத காலத்தில் ஊர் தன்னைக் காத்துக்கொள்ளக் கண்ட வழி அது. பெரியம்மைக்கு அது ஓரளவு பயன்பட்டது, ஏனென்றால் பெரியம்மை கொப்புளம் வந்த பிறகே பெரும்பாலும் தொற்றும்.

தட்டம்மையிடம் அது எடுபடவில்லை. பொரிப்பு வருவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே இந்த வைரஸ் மூச்சிலும் இருமலிலும் வெளியேறத் தொடங்கிவிடுகிறது. வெறும் சளிக்காய்ச்சல் என்று நினைத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியிருப்பார்கள், பேருந்தில் ஏற்றியிருப்பார்கள், கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிப் போயிருப்பார்கள். நோயுற்ற குழந்தை ஓர் அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்தக் காற்றில் வைரஸ் உயிர்ப்போடு இருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் அருகில் இருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றும். தடுப்பு ஏதும் இல்லாத ஊரில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார். மனிதரைத் தாக்கும் நோய்களில் இதைவிட வேகமாகப் பரவுவது அரிது. வாசலில் வேப்பிலை ஏறும்போது நோய் தெருவைத் தாண்டிப் போயிருக்கும்.

இந்த வேகமே இதன் பலவீனமும்கூட. ஒருமுறை வந்தவருக்கு வாழ்நாள் முழுக்க மறுபடி வராது; அதனால் சின்ன ஊரில் தொற்றுவதற்கு ஆள் சீக்கிரமே தீர்ந்துபோகும். 1950களில் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் பார்ட்லெட் நகரங்களின் பதிவேடுகளைப் புரட்டி ஒரு கணக்குச் சொன்னார்: தட்டம்மை ஓரிடத்தில் நிரந்தரமாகத் தங்க வேண்டுமென்றால் அங்கே சுமார் இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம் மக்களாவது இருக்க வேண்டும். குள்ளஞ்சாவடி போன்ற ஊரில் அதனால் குடியிருக்க முடியாது. வெளியிலிருந்து வரும், சில வாரம் வீடு வீடாகப் புகுந்து எரியும், அணையும். புதிதாகப் பிறந்த குழந்தைகள் சேர்ந்ததும் மறுபடி வரும். கடலூர் சாலை வழியாகவோ சந்தைக்குப் போய்வந்தவர் வழியாகவோ வரும். 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் உருவான பின் பல மாவட்டத்து, பல மாநிலத்துக் குடும்பங்கள் பிளாக் பிளாக்காக வந்து குடியேறியபோது, நோய்க்கான இந்த வழிகளும் பெருகின.

வைரஸ் நெடுங்காலம் எட்டாத இடத்துக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஃபாரோ தீவுகளுக்கு 1846இல் தட்டம்மை வந்தது. ஏறத்தாழ 7,800 பேரில் 6,000 பேர் படுத்தார்கள். அங்கே அனுப்பப்பட்ட இளம் மருத்துவர் பீட்டர் பானும் ஒன்றைக் கவனித்தார்: 1781இல் வந்த முந்தைய தொற்றில் பிழைத்த முதியவர்களில் ஒருவருக்குக்கூட இந்த முறை நோய் வரவில்லை. 65 ஆண்டு கழிந்தும் உடம்பு அதை மறக்கவில்லை.

இரண்டாவது சாட்சி நமக்கு இன்னும் நெருக்கமானது. 1875இல் பிஜித் தீவுகளின் தலைவர் தாகோம்பாவ் சிட்னிக்குப் போய் ஆங்கிலேயப் போர்க்கப்பலில் திரும்பியபோது நோயும் உடன் வந்தது. சில மாதங்களில் சுமார் 40,000 பேர் மாண்டார்கள். மக்கள்தொகையில் கால் பங்குக்கும் மேல். அந்த ஆண்டே ஆளுநராக வந்த ஆர்தர் கார்டன், மிஞ்சிய பூர்வகுடிகளைத் தோட்ட வேலையிலிருந்து விலக்கி வைத்தார். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இந்தியாவிலிருந்து போயிற்று. 1879இல் கல்கத்தாவிலிருந்து முதல் கப்பல். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் நம் மக்கள் ஏற்றப்பட்டார்கள். பிஜித் தோட்டத்துப் பெண்களை நினைத்து பாரதியார் பாடிய துயரத்தின் முன்கதையில் தட்டம்மைக்கும் ஓர் இடம் உண்டு என்பதை நம் பள்ளிகளில் யாரும் சொல்வதில்லை.

இந்த வைரஸ் மனிதருக்கு எங்கிருந்து வந்தது? மாட்டிடமிருந்து. மாடுகளை மந்தை மந்தையாகக் கொன்ற வெக்கை நோயின் வைரஸும் இதுவும் ஒரே மூதாதையின் வாரிசுகள். பெர்லினில் 1912இல் தட்டம்மையால் இறந்த ஒரு குழந்தையின் நுரையீரல் மருத்துவக் காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து வைரஸின் மரபுத்தொடரைப் படித்த ஆய்வாளர்கள், இரண்டும் பிரிந்தது கி.மு. ஆறாம் நூற்றாண்டளவில் இருக்கலாம் என்று 2020இல் எழுதினார்கள். லட்சக்கணக்கானோர் நெருங்கி வாழும் நகரங்கள் உலகில் எழுந்ததும் ஏறக்குறைய அதே காலம்தான்.

அந்த இரு உறவுகளில் ஒன்று இன்று உலகில் இல்லை. இந்தியாவில் வெக்கை நோய் கடைசியாகக் காணப்பட்டது 1995இல், நம் வட ஆர்க்காட்டுப் பகுதியில். கால்நடைத் துறையினர் ஊர் ஊராக மாடுகளுக்கு ஊசி போட்டு அதை விரட்டினார்கள். 2011இல் உலகிலிருந்தே அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. தட்டம்மைக்கும் ஒழிவதற்கான எல்லாத் தகுதியும் உண்டு. மனிதரைத் தவிர வேறு உயிரினத்தில் அது தங்குவதில்லை. ஃப்ளூவைப் போல ஆண்டுதோறும் வேஷம் மாற்றுவதில்லை. 1950களில் எடுத்த வைரஸிலிருந்து செய்த மருந்து இன்றும் வேலை செய்கிறது. மாட்டுக்குச் செய்து முடித்ததை நம் பிள்ளைகளுக்கு இன்னும் செய்து முடிக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மருந்து பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1954இல் அமெரிக்காவின் பாஸ்டன் அருகே ஒரு விடுதிப் பள்ளியில் தட்டம்மை பரவியது. ஜான் எண்டர்ஸின் ஆய்வகத்தில் இருந்த இளம் மருத்துவர் தாமஸ் பீபிள்ஸ் அங்கே போய்ப் பையன்களின் ரத்தத்தையும் தொண்டைச் சளியையும் எடுத்து வந்தார். டேவிட் எட்மன்ஸ்டன் என்ற மாணவனிடமிருந்து எடுத்த வைரஸ் ஆய்வகத்தில் வளர்ந்தது. அதை மனிதச் செல்களிலும் பிறகு கோழிக்கருவிலும் மறுபடி மறுபடி வளர்த்தார்கள். கோழிக்கருவுக்குப் பழகப் பழக அது மனிதருக்கு நோய் தரும் வல்லமையை இழந்தது. ஆனால் உடம்புக்கு அதை அடையாளம் காட்டப் போதுமான உருவம் மிச்சமிருந்தது. 1963இல் தடுப்பூசிக்கு உரிமம் கிடைத்தது. அதற்கு முன் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 26 லட்சம் பேர் தட்டம்மையால் இறந்துகொண்டிருந்தார்கள். புனேயில் தயாராகி நம் சுகாதார நிலையங்களுக்கு வரும் குப்பியில் இருப்பதும் அந்தப் பையனின் வைரஸ் வழிவந்த எட்மன்ஸ்டன்-சாக்ரெப் வகைதான்.

ஏன் ஒன்பதாம் மாதம்? தாயின் எதிர்ப்புப் பொருள்கள் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கு வந்து சில மாதம் காவல் இருக்கின்றன. அவை இருக்கும்போது ஊசி போட்டால் மருந்தில் இருக்கும் பலவீன வைரஸையும் அழித்துவிடும். உடம்பு எதையும் கற்றுக்கொள்ளாது. தள்ளிப் போட்டால் அந்தக் காவல் தேய்ந்த இடைவெளியில் உண்மையான நோய் வந்துவிடும். ஒன்பது மாதத்தில் போட்டால் நூற்றில் 85 குழந்தைகளுக்குப் பலன். ஒரு வயதுக்குப் பிறகு போட்டால் 95 பேருக்கு. நோய் அரிதாகிவிட்ட நாடுகள் ஒரு வயது வரை காத்திருக்கின்றன. நோய் இன்னும் உலவும் நம் நாடு ஒன்பது மாதத்தைத் தேர்ந்தது. விடுபடும் 15 பேருக்காகத்தான் 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாம் தவணை. முதல் ஊசி 1985இல் இந்தியாவின் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. இரண்டாம் தவணை 2010இல்தான் வந்தது. "ஒண்ணு போட்டாச்சே" என்று இரண்டாவதை விட்டுவிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

தட்டம்மை கொல்லும் விதம்தான் எல்லாவற்றிலும் வியப்பானது. பொரிப்பு யாரையும் கொல்வதில்லை. பிறகு வரும் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் மூளைக்காய்ச்சலும் கொல்கின்றன. அப்படி ஏன் பின்னாலேயே வருகின்றன என்பது நெடுநாள் புதிராக இருந்தது. வியன்னாவைச் சேர்ந்த கிளெமன்ஸ் ஃபான் பிர்க்கே 1908இல் ஒரு துப்புக் கொடுத்தார்: காசநோய்க்கான தோல் சோதனையில் தடிப்புக் காட்டிய குழந்தைகளுக்கு, தட்டம்மை வந்திருந்த நாட்களில் அந்தத் தடிப்பு மறைந்துபோயிற்று. காரணம் மெல்லத்தான் தெரிந்தது. வைரஸ் உள்ளே நுழைய ஒட்டிக்கொள்ளும் புரதம், நம் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் நினைவுச் செல்களின் மேல்தான் இருக்கிறது. முன்பு வந்த கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் அந்தச் செல்களையே அது தேடிப் போய் அழிக்கிறது. 2019இல் மைக்கேல் மினாவும் ஸ்டீஃபன் எலெஜும் குழுவினரும், நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளின் ரத்தத்தைத் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். அதுவரை சேர்த்துவைத்த எதிர்ப்புப் பொருள் வகைகளில் 11 முதல் 73 விழுக்காடு வரை காணாமல் போயிருந்தன. தாலுகா ஆபீசில் பட்டா ஏடுகள் எரிந்துபோன ஊரின் நிலைமை அது: நிலம் இருக்கிறது, எல்லைக்குச் சான்றில்லை, ஒவ்வொன்றாக முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும். அப்படி மீண்டும் கற்றுக்கொள்ள இரண்டு மூன்று ஆண்டு ஆகலாம். அதுவரை மற்றக் கிருமிகளுக்கு வழி திறந்தே கிடக்கும். தட்டம்மை ஊசி தட்டம்மையை மட்டும் தடுப்பதில்லை என்பதன் பொருள் இதுதான்.

இதனோடு பசியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தட்டம்மை உடம்பிலிருக்கும் வைட்டமின் ஏ-யை வேகமாகக் கரைக்கிறது. ஏற்கெனவே குறைவாக உள்ள பிள்ளைக்குக் கருவிழி வெந்து கண் போகும். மதுரை அரவிந்த் மருத்துவமனையின் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் குழுவினரும் திருச்சி மாவட்டக் கிராமங்களில் 15,419 சிறு குழந்தைகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். வாரம் ஒருமுறை சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்தது. 1990இல் அமெரிக்காவின் முன்னணி மருத்துவ இதழில் அது வெளிவந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. தட்டம்மை வந்த குழந்தைக்கு அடுத்தடுத்த இரு நாட்களில் வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும் என்பது இன்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிமுறை. நம் வீடுகளிலோ அம்மை என்றதும் எண்ணெய் ஆகாது, முட்டை ஆகாது, தாளிதம் ஆகாது என்று பத்தியம் தொடங்கிவிடும். வீட்டைத் தனிமைப்படுத்துவதை நான் மதிக்கிறேன். பிள்ளையின் சாப்பாட்டைக் குறைப்பதை ஏற்க முடியாது. காய்ச்சலில் வாடும் குழந்தைக்குத் தாய்ப்பாலும் உணவும் வழக்கத்தைவிடக் கூடுதலாகத்தான் வேண்டும்.

இனி தமிழ்நாட்டின் வேதனையான ஒரு பக்கம். தட்டம்மை மருந்து உலர்ந்த தூளாகக் குப்பியில் வரும். அதற்கென்றே உடன் வரும் நீரில் கரைத்து நான்கு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். அதற்குமேல் வைத்தால் குப்பிக்குள் நோய்க்கிருமி வளரலாம், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் வரும் கிராம சுகாதார செவிலியரின் கவனத்தில்தான் இவ்வளவும் நிற்கிறது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட சிறிது நேரத்தில் நான்கு குழந்தைகள் இறந்தன. மாநிலமே அதிர்ந்தது. அரசு கிராமங்களுக்குப் போய் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குத் தாய்மார்களை வரச் சொன்னது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவு. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் முந்திரித் தோப்பில் நாள் கூலிக்குப் போகும் பெண் ஒரு நாள் சம்பளத்தையும் பேருந்துக் காசையும் இழந்துதான் அங்கே வர முடியும். முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 2005-06இல் தமிழ்நாட்டில் 80.9 விழுக்காடு, 2015-16இல் 69.7. முழுப் பொறுப்பையும் அந்த ஒரு முடிவின் மேல் சுமத்த முடியாது என்றாலும் ஊசி ஊரைவிட்டு விலகியதும் ஒரு காரணம் என்றே நான் நம்புகிறேன். பின்னர் ஊசி ஊர்ப்பக்கம் திரும்பியது. 2019-21 கணக்கெடுப்பில் 89.2 விழுக்காடு.

இப்படிப்பட்ட அதிர்ச்சியிலிருந்து ஒரு நாடு மீளாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பசிபிக் தீவான சமோவா காட்டியது. 2018இல் தடுப்பூசித் தூளைத் தவறுதலாகத் தசை தளர்த்தும் மருந்தில் கரைத்துப் போட்டதால் இரண்டு குழந்தைகள் இறந்தன. ஊசித் திட்டம் பல மாதம் நின்றது, மக்கள் மிரண்டார்கள், ஊசி போட்ட குழந்தைகள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனார்கள். 2019இன் இறுதியில் தட்டம்மை வந்தது. சுமார் இரண்டு லட்சம் பேர் வாழும் நாட்டில் 5,700க்கும் மேற்பட்டோருக்கு நோய். 83 மரணங்கள், பெரும்பாலும் சின்னஞ்சிறு பிள்ளைகள். கடைசியில் அரசு அலுவலகங்களை இரண்டு நாள் மூடிவிட்டு வீடு வீடாகப் போனார்கள். ஊசி போடாதவர் இருக்கும் வீடுகள் வாசலில் சிவப்புத் துணி கட்டி அவர்களை உள்ளே அழைத்தன.

நம்மிடமும் மிரட்சி ஒருமுறை வேறு வடிவில் வந்தது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகிய ஐந்து இடங்களில் ஒன்பது மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் எம்.ஆர். ஊசி போடும் இயக்கம் தொடங்கியது. தமிழ்நாட்டில் மட்டும் ஒன்றே முக்கால் கோடி குழந்தைகள் இலக்கு. வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவுகள் பறந்தன: மலடாக்கிவிடும், சோதனை எலி ஆக்குகிறார்கள், எதற்கு இவ்வளவு அவசரம். பெற்றோர் பலர் ஊசி போடும் நாளன்று பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. இயக்கத்தை மார்ச்சுக்கு நீட்டிக்க வேண்டி வந்தது. ரூபெல்லா கர்ப்பிணியைத் தாக்கினால் கண்புரையோடும் காது கேளாமலும் இதயக் கோளாறோடும் குழந்தை பிறக்கும் என்பதை முன்கூட்டியே தெருத்தெருவாகச் சொல்லியிருந்தால் பாதி வதந்தி நின்றிருக்கும். ஊசி வரும் முன்னே விளக்கம் வர வேண்டும். அந்த ஆண்டு விளக்கம் பின்னால் ஓடி வந்தது.

தட்டம்மையைத் தடுக்க நூற்றுக்கு 95 குழந்தைகளாவது இரண்டு தவணையும் பெற்றிருக்க வேண்டும். 90 என்பது தேர்வில் நல்ல மதிப்பெண். இந்த நோய்க்கு முன்னால் தோல்வி. ஏனென்றால் விடுபடும் பத்துப் பேர் ஊரெங்கும் சிதறி இருப்பதில்லை. ஒரே தெருவில், ஒரே செங்கல் சூளையில், ஒரே தகரக் கொட்டகை வரிசையில் சேர்ந்தே இருப்பார்கள். 2022 நவம்பரில் மும்பை கோவண்டிக் குடிசைகளில் தட்டம்மை தீயாய்ப் பரவியது அப்படித்தான்; கொரோனா காலத்தில் ஊசி தவறிய குழந்தைகள் அங்கே குவிந்திருந்தார்கள். 2019இல் தட்டம்மையை ஒழித்ததாகச் சான்று பெற்ற இலங்கையில் 2023இல் அது திரும்பியது. 2025இல் கனடா அந்தத் தகுதியை இழந்தது. இந்தியா 2023க்குள் ஒழிப்பதாகச் சொல்லி, இப்போது 2026ஐக் குறித்திருக்கிறது.

நெய்வேலிச் சுற்றுவட்டாரத்தில் சுரங்க ஒப்பந்த வேலைக்கும் கட்டட வேலைக்கும் வட மாநிலங்களிலிருந்து வரும் குடும்பங்களின் குழந்தைகளை நான் நினைத்துப் பார்க்கிறேன். முதல் ஊசி ஒரு மாநிலத்தில், இரண்டாவது ஊசி நாள் வரும்போது பெற்றோர் வேறு மாநிலத்தில், அட்டை எங்கோ பெட்டியில். அங்கன்வாடிப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்காது. எட்டு மாதக் கைக்குழந்தைக்கோ இன்னும் ஊசி போட வயதாகவில்லை. தெருவிலுள்ள மற்றக் குழந்தைகள் போட்டிருப்பதுதான் அதற்குக் காவல். டவுன்ஷிப் பிளாக்கில் பிறந்த பிள்ளையானாலும் குள்ளஞ்சாவடிக் கூரைவீட்டில் பிறந்த பிள்ளையானாலும் இதில் வித்தியாசமில்லை.

அட்டை தொலைந்துவிட்டது, போட்டோமா இல்லையா என்று நினைவில்லை என்பதற்காக யாரும் வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். ஏற்கெனவே போட்ட குழந்தைக்கு இன்னொரு முறை போட்டாலும் கெடுதல் இல்லை. உடம்பில் இருக்கும் எதிர்ப்புப் பொருள் அந்தப் பலவீன வைரஸைத் தீர்த்துவிடும். ஒன்பதாம் மாதம் தவறியிருந்தால் ஐந்து வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுவார்கள். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். ஒரு வாரம் பத்து நாள் கழித்து லேசான காய்ச்சலோ மெல்லிய பொரிப்போ வரலாம். பயப்பட வேண்டாம், அது தானே அடங்கிவிடும். புது அட்டையில் இரண்டாம் தவணையின் தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.